"மர்மப் பொருள்" என்கிறார்களே, மர்மம் என்றால் உண்மையில் என்ன?

குந்துகால் கரை | செவ்வாய், காலை 7.15

நேற்று விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பக்கம் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) ஒரு பொருள் ஒதுங்கியது. உருளை வடிவம், என் இடுப்பு உயரம், வெயிலில் வெளுத்த மஞ்சள் நிறம். அடிப்பக்கம் முழுவதும் சிப்பி ஒட்டியிருந்தது. கரைவலை இழுக்கப் போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். அவர்களே போலீஸுக்கும் தகவல் சொன்னார்கள். மதியத்துக்குள் ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது: "கரை ஒதுங்கிய மர்மப் பொருள், மீனவர்கள் பீதி". நான் அங்கேதான் நின்றிருந்தேன். பீதி அடைந்த ஒருவரையும் காணவில்லை. வலையை உலர்த்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கேள்வி செய்தியைப் பற்றியது அல்ல. அப்பாவுக்கு 74 வயது, கண்ணில் புரை. நாளிதழை நான்தான் படித்துக் காட்டுவேன். இதைப் படித்ததும் அவர், "மர்மம் என்றால் அடிபட்டால் உயிர் போகிற இடம் அல்லவா? உயிரே இல்லாத சாமானுக்கு ஏது மர்மம்?" என்று கேட்டார். இளவயதில் ஓர் ஆசானிடம் சிலம்பம் கற்றவர் அவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மர்மக் காய்ச்சல், மர்ம நபர், மர்மச் சாவு, மர்மப் படகு என்று தினமும் படிக்கிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அப்பா சொல்லும் பொருள் பழையதா, நாளிதழ் சொல்லும் பொருள் பழையதா? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

உப்பூர் வாசகன் | செவ்வாய், காலை 8.02

மர்மம் என்றால் இரகசியம். வடசொல். அவ்வளவுதான். உங்கள் அப்பா சொல்வது வர்மம். அது வேறு சொல்.

முதுகுளத்தூர் ஆசிரியர் | செவ்வாய், பிற்பகல் 3.40

வேறு சொல் இல்லை தம்பி. இரண்டும் ஒரே சொல்தான். முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலம் வடமொழியின் "மர்மன்". அடிப்படைப் பொருள் உயிர்நிலை, அதாவது தாக்கினால் உயிருக்கு ஆபத்து வரும் உடற்பகுதி. "மாரயந்தி", கொல்கின்றன, ஆதலால் மர்மங்கள் என்று உரைகாரர்கள் விளக்கம் சொல்வார்கள். "மரணம்" என்ற சொல் பிறந்த வேரோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் விளக்கம் அது. ஆகவே குந்துகால் தம்பியின் தந்தையார் சொன்னதுதான் பழைய பொருள். ஐயம் வேண்டாம்.

இருக்கு வேதத்தின் ஆறாம் மண்டலத்தில் போர்க்கருவிகளைப் பாடும் 75ஆம் சூக்தத்தில் ஓர் அடி வருகிறது: "மர்மாணி தே வர்மணா சாதயாமி". போருக்குப் போகிறவனைப் பார்த்து, "உன் மர்மங்களை வர்மத்தால் மூடுகிறேன்" என்கிறார் பாடியவர். இங்கே மர்மம் உயிர்நிலை, வர்மம் கவசம். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்ற பல்லவர் பெயர்களில் இருக்கும் வர்மன் இந்தக் கவசம்தான். அந்த ஓர் அடியில், அடிபடும் இடமும் அதை மூடும் தகடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வகுப்பில் இந்த அடியைச் சொல்லும்போதெல்லாம் என் குரலே மாறிவிடும்.

இனி, உயிர்நிலையைக் குறித்த சொல் எப்படி இரகசியத்தைக் குறிக்க வந்தது? உயிர்நிலை மூடிவைக்க வேண்டிய இடம். எதிரிக்குத் தெரியக்கூடாத இடம். வடமொழியிலேயே "மர்மஜ்ஞன்" என்றால் உயிர்நிலைகளை அறிந்தவன், உள்விஷயம் அறிந்தவன் என்று இரண்டு பொருளும் உண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இரகசியம் என்ற பொருள் நன்றாக வேர் பிடித்திருக்கிறது. தமிழில் தர்மம் தருமம் ஆனது போல இது மருமம் ஆயிற்று. பழைய தமிழில் மருமம் என்றால் மார்பு என்றும் பொருள் உண்டு. நெஞ்சுக்கூட்டைத் தவிர வேறு எதை முதலில் மூட வேண்டும்?

உப்பூர் வாசகன் | செவ்வாய், மாலை 4.11

நன்றி ஐயா. ஆனால் வர்மக்கலையில் உள்ள வர்மம் அந்தக் கவசம் தானே? மர்மம் எப்படி வர்மம் ஆகும்?

முதுகுளத்தூர் ஆசிரியர் | செவ்வாய், மாலை 4.30

இல்லை. வர்மக்கலையில் தொடுவது கவசத்தை அல்ல, உயிர்நிலையை. மகரமும் வகரமும் தமிழில் இடம் மாறும். விஞ்சு, மிஞ்சு, விழுங்கு, முழுங்கு. அப்படித்தான் மர்மம் வர்மம் ஆனது. கவசத்தைக் குறித்த வர்மம் தற்செயலாக அதே உருவத்தில் வந்து நிற்கிறது. மலையாளத்தில் இன்றும் மர்மம் என்றே சொல்கிறார்கள்.

சிலம்பக்கூடம் | செவ்வாய், இரவு 9.25

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பரமக்குடிப் பக்கம் சின்னச் சிலம்பக்கூடம் நடத்துகிறேன். வர்ம வைத்தியம் பதினோரு ஆண்டுகள் ஓர் ஆசானுடன் இருந்து கற்றேன்.

பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை 107 மர்மங்கள் என்கிறது. எங்கள் தமிழ் மரபில் 108: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மத்தில் அடி பட்டால் பிழைப்பது அரிது. தொடுவர்மத்தில் இளக்குமுறை (தடவிச் சரிசெய்யும் வைத்தியம்) செய்தால் மீட்கலாம். மயங்கி விழுந்தவரை எழுப்ப அடங்கல் என்று தனியே சில இடங்கள் உண்டு.

சுசுருதர் அந்த 107ஐ விளைவை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறார். உடனே உயிர் போக்குவன 19. நாள்பட்டு உயிர் போக்குவன 33. உறுப்பை ஊனமாக்குவன 44. வலி மட்டும் தருவன 8. மீதி மூன்று இருக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவற்றுக்கு "விசல்யக்னம்" என்று பெயர். அங்கே அம்பு தைத்தால், அம்பு உள்ளே இருக்கும்வரை ஆள் உயிரோடு இருப்பான். பிடுங்கினால் போய்விடுவான். ஆசான் இதைச் சொல்லிவிட்டு என் புருவ நடுவில் ஒரு விரலை வைத்தார். அந்த மூன்றில் ஒன்று அங்கே இருக்கிறது. அழுத்தவே இல்லை, வைத்தார், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மர்மம் என்றால் யாருக்கும் தெரியாதது என்று எண்ணிவிடாதீர்கள். ஆசானுக்கு அது விரல் நுனியில் தெரியும். இடம் தெரியும், ஆழம் தெரியும், எத்தனை விரற்கடை தள்ளி என்று தெரியும். பொறுமையும் குணமும் பார்த்த பிறகே சீடனுக்குச் சொல்வார். கோபக்காரனுக்குச் சொல்லவே மாட்டார். நாளிதழில் மர்ம நபர் என்று படிக்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான். அவர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது தங்களுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும்.

செந்தமிழ் வேலி | புதன், காலை 6.50

வேர் எதுவாக இருந்தாலும் வடசொல் வடசொல்லே. தமிழில் இதற்குச் சொல் பஞ்சமா? மறைபொருள், புதிர், மறை என்று எத்தனையோ உண்டு. "மறை" என்ற ஒரு சொல் போதும். இரகசியம் என்ற பொருளில் வள்ளுவரே எடுத்தாண்டிருக்கிறார்: "அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்" (குறள் 1076). கேட்ட இரகசியத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவன் பறை போன்றவன். இங்கே மர்மம் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. செய்தியாளர்கள் "மறைபொருள் கரை ஒதுங்கியது" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தங்கச்சிமடம் அந்தோணி மகன் | புதன், காலை 9.15

அண்ணன், அப்படி எழுதினால் எங்கள் ஊர்ப் பெண்கள் முழங்கால் போட்டுவிடுவார்கள். உண்மையாகவே சொல்கிறேன். மறைபொருள் என்பது எங்களுக்குச் செபமாலைச் சொல். மகிழ்ச்சி மறைபொருள், துயர மறைபொருள், மகிமை மறைபொருள், ஒளியின் மறைபொருள் என்று சொல்லித்தான் மணி உருட்டுகிறோம். என் பாட்டி காலத்தில் இதையே "தேவ இரகசியம்" என்றார்கள். "துக்க தேவ இரகசியங்கள்" என்று பாட்டி சொல்லும்போது "துக்க" என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுதான் அடுத்ததற்குப் போவார். அந்த நிறுத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

கோவில் புத்தகங்களில் மொழிபெயர்த்தவர்கள் ஒரு கிரேக்கச் சொல்லுக்காக இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். அந்தக் கிரேக்கச் சொல்லின் வேருக்குக் கண்ணையோ வாயையோ மூடிக்கொள்வது என்று பொருளாம். மறைபொருளில் பொருள் மறைந்திருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லில் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். எனக்கு இரண்டும் பிடித்திருக்கின்றன.

கீழக்கரை காக்கா | புதன், முற்பகல் 11.30

மறை என்ற சொல்லைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குர்ஆனைத் திருமறை என்றுதான் சொல்வோம். உம்மா "திருமறையை எடுத்து வை" என்பார். முதுகுளத்தூர் ஆசிரியர் ஐயாவுக்கு நான்மறை என்றால் வேதம். தங்கச்சிமடத்துத் தம்பிக்கு மறைக்கல்வி, மறைமாவட்டம். ஒரே கடற்கரைப் பக்கத்தில் மூன்று சமயத்தாரும் தங்கள் புனித நூலுக்கும் நம்பிக்கைக்கும் மறைந்திருப்பது என்ற வேரிலிருந்தே பெயர் வைத்திருக்கிறோம். இதை இன்று காலை கடையில் உட்கார்ந்து யோசித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது.

கண்ணுக்குப் புலப்படாதவற்றை நாங்கள் அரபியில் கைபு என்போம். அதைத் தமிழில் சொல்லும் ஆலிம்கள் "மறைவானவை" என்றே சொல்வார்கள். மர்மம் என்று ஒரு பயானிலும் (மார்க்கச் சொற்பொழிவிலும்) நான் கேட்டதில்லை. இறைவனுக்குரியது மறைவு. போலீஸுக்குரியது மர்மம். எங்கள் பேச்சில் இரண்டும் கலப்பதில்லை.

முதுகுளத்தூர் ஆசிரியர் | புதன், பிற்பகல் 2.05

காக்கா எழுதியது அருமை. "நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்" என்று 28ஆம் குறளில் வருவது உயர்ந்த சொல். வேலி ஐயா காட்டிய 1076இல் அதே மறை வெறும் இரகசியம், அதுவும் கயவன் காதில் விழுந்தது. வள்ளுவர் ஒரே சொல்லை இரண்டு உயரங்களில் வைத்து ஆள்கிறார்.

வேலி ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம் பழைய சொல்லைத் தேடுவதானால் மறையோடு நின்றுவிடக் கூடாது. அணங்கு இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை". முதலிடம் அணங்குக்கு. கண்ணால் காண முடியாமல் வருத்தும் ஆற்றல் அது. அகநானூற்றின் 207ஆம் பாடல் "அணங்குடை முந்நீர்" என்றே தொடங்குகிறது. கடலுக்குள் அணங்கு இருக்கிறது என்று உப்பு விளையும் கரையில் நின்று பாடுகிறார் புலவர். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் "வல்லணங்கை" ஏற்றி வழிபடுகிறார்கள். தாழம்பூச் சூடி, அன்று கடலுக்குப் போகாமல் இருக்கிறார்கள். பின்னால் வள்ளுவர், காதலியைப் பார்த்துத் திகைத்தவன் வாயில் "அணங்குகொல்" என்று அதே சொல்லை வைத்தார். கடலைப் பார்த்து நடுங்கிய சொல் பெண்ணைப் பார்த்துத் திகைக்கும் சொல்லாக ஆகிவிட்டது. இன்று அணங்கு என்றால் அழகி என்று மட்டுமே மாணவர்கள் எழுதுகிறார்கள். எவ்வளவு பெரிய இழப்பு!

தேவிபட்டினம் தீர்த்தம் | புதன், மாலை 5.45

இழையின் பேச்சை விட்டுச் சற்று விலகுகிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர் நவபாஷாணத்துக்கு வருகிறவர்கள், "இது விஷத்தால் செய்ததா? பழனியில் இருப்பது போலவா? இந்த மர்மம் என்ன?" என்று என்னிடம் கேட்காத நாளில்லை. கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள் அவை. இராமர் நவக்கிரகமாக நிறுவியதாகத் தலபுராணம். பாஷாணம் என்ற வடசொல்லுக்கு நேர்ப்பொருளே கல்தான். நவபாஷாணம் என்றால் ஒன்பது கல்.

சித்த மருத்துவத்தில் பாஷாணம் என்றால் நச்சுத் தாதுப் பொருள்கள். இயற்கையாகக் கிடைக்கும் பிறவி 32, செய்து எடுக்கும் வைப்பு 32, ஆக 64 என்று கணக்கு. பூமியில் கல்லாகக் கிடைப்பவை இருப்பதால் கல்லின் பெயரே நஞ்சுக்கும் வந்தது. பழனிச் சிலையைப் பற்றிச் சொல்லும்போது பாஷாணத்தை இந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் முதல் பொருள். சொல் ஒன்றாக இருப்பதால் மர்மம் தேடி வருகிறார்கள். நான் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கல்லைத் தொட்டுக் காட்டுவேன். பாசி வழுக்கும், சொரசொரப்பு கையில் தட்டுப்படும். "கல்தான் சாமி" என்பேன். சிலருக்கு முகம் வாடிவிடும். எனக்கோ, கடல் நடுவே அலை மோத நிற்கும் அந்தக் கல்லே போதும்.

பாம்பன் விசைப்படகு | புதன், இரவு 8.10

2019 செப்டம்பரில் எங்கள் பக்கம் கடல் பச்சையாக மாறி, மீன் செத்து ஒதுங்கியது நினைவிருக்கிறதா? அப்போதும் "மர்மமான முறையில் மீன்கள் சாவு" என்றுதான் பேச்சு கிளம்பியது. எங்கள் பெரியவர்கள் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு "பூங்கோரை" என்றார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்து நாக்டிலூகா என்றார்கள். கண்ணுக்குப் பொடியாகத் தெரியும் நுண்ணுயிர், பெருகினால் தண்ணீரில் உயிர்வளியைத் தின்றுவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். அதற்கு முந்தைய மாதம்தான் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிவிடுகிறது என்று ஊரே திரண்டது. அதுவும் இந்த நுண்ணுயிரின் வேலைதான்.

சிலம்பக்கூடத்து அண்ணன் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு மர்மம். பெரியவர்களிடம் அதற்குப் பெயர் இருந்தது.

கடலோடி மகள் | புதன், இரவு 11.35

எல்லோரும் மர்மத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னைத் துன்புறுத்திய சொல் "மாயம்".

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது என் தாய்மாமா வடகடலில் (பாக் விரிகுடாவில்) தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. வடகடலைப் பெண்கடல் என்று சொல்வார்கள், அமைதியானது என்று. அந்த இரவு அது அமைதியாக இல்லை. மறுநாள் நாளிதழில் "மீனவர் மாயம்" என்று இரண்டு சொல். மாயாஜாலம் காட்டுகிறவன் துணியைப் போட்டு மறைப்பானே, அந்த மாயமா? மாமா என்ன வித்தையா காட்டினார்? அந்தத் தலைப்பைப் பார்த்து அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

உடல் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் கொள்ளும் என்றார்கள். அந்த ஏழு ஆண்டும் அத்தை மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. ரேஷன் கார்டில் மாமா பெயர் இருந்தது. விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அத்தை தாலியைக் கழற்றவும் இல்லை, நல்ல நாளில் அதைப் புதுச் சரட்டில் கோக்கவும் இல்லை. நிறம் போன பழைய மஞ்சள் சரட்டிலேயே அது கிடந்தது.

ஆசிரியர் ஐயா, மாயம் என்ற சொல் எங்கிருந்து வருகிறது? எனக்கு அது தெரிய வேண்டும்.

முதுகுளத்தூர் ஆசிரியர் | வியாழன், காலை 5.20

மகளே, இரவு படித்துவிட்டு உறங்கவில்லை. உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடமொழியில் மாயா என்று ஒரு சொல் உண்டு. ஏமாற்றுத் தோற்றம், வித்தை என்ற பொருள் அந்தப் பக்கத்திலிருந்து வருவது. தமிழில் "மாய்" என்று ஒரு வினை உண்டு. மாய்தல் என்றால் மறைதல், அழிதல், இறத்தல். "உயிரை மாய்த்துக்கொண்டார்" என்று அதே நாளிதழ்தான் எழுதுகிறது. இரண்டு ஆறுகளும் கலந்த இடத்தில் நிற்கிறது மாயம் என்ற சொல். "மீனவர் மாயம்" என்று படிக்கும்போது நான் தமிழ் மாய்தலைத்தான் கேட்கிறேன். பார்வையிலிருந்து மறைந்தார், இறந்தும் இருக்கலாம் என்ற இரண்டையும் அந்த வினை ஒன்றாகவே தாங்குகிறது. உன் அத்தை இருந்த ஏழு ஆண்டு நிலையை அப்படியே சொல்லும் சொல். அதில் வித்தை காட்டும் பொருள் இல்லை, மகளே. தலைப்பு எழுதியவர் இதையெல்லாம் எண்ணி எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் சொல் உன் மாமாவை இழிவுபடுத்தவில்லை.

கடலோடி மகள் | வியாழன், காலை 6.05

மாய்தல். அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன் ஐயா.

கம்பிப்பாடு பேரன் | வியாழன், பிற்பகல் 1.50

தனுஷ்கோடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கையில் போனை வைத்துக்கொண்டு "மர்ம நகரம்" என்று பேசிப் படம் எடுக்கிறார்கள். பேய் நகரம் என்றும் சொல்கிறார்கள். என் பாட்டி அந்த ஊர்க்காரர். அங்கே ஸ்டேஷன் இருந்தது, தபால் ஆபீஸ் இருந்தது, சுங்க அலுவலகம் இருந்தது, தலைமன்னார் போகும் கப்பல் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்து ஆட்களோடு கொண்டுபோய்விட்டது. நாள் தெரியும், காரணம் தெரியும், போனவர்கள் வீடு தெரியும். இதில் மர்மம் எங்கே இருக்கிறது என்று பல ஆண்டுகள் கோபப்பட்டிருக்கிறேன்.

இந்த இழையைப் படித்த பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது. இடிந்த மாதா கோவில் சுவரில் பவளப்பாறைக் கல் பெயர்ந்து நிற்கும் இடத்தில் பாட்டி கையை வைக்கவே மாட்டார். அந்தப் பக்கம் நடந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவார். தொட்டால் உயிர் போகும் இடம் என்று குந்துகால் அண்ணனின் அப்பா சொன்னாரே, அந்தப் பொருளில் தனுஷ்கோடியை மர்மம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்கிறேன். இனி யாராவது என்னிடம் மர்ம நகரம் என்றால் இந்தப் பொருளைச் சொல்லப் போகிறேன்.

செந்தமிழ் வேலி | வியாழன், மாலை 4.25

என் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். செய்தியில் மர்மம் வேண்டாம் என்பதில் உறுதியாகவே இருக்கிறேன். "அடையாளம் தெரியாத பொருள்", "காரணம் தெரியாத காய்ச்சல்" என்று எழுதினால் போதும். யாருக்குத் தெரியவில்லை என்பதும் விளங்கும். ஆனால் ஆசானும் கம்பிப்பாட்டுப் பேரனும் சொல்லும் பொருளில் அந்தச் சொல் நம்மிடம் இருக்கட்டும். மறை அந்த வலியைச் சொல்லாது.

உப்பூர் வாசகன் | வியாழன், மாலை 6.00

அமானுஷ்யம் என்ற சொல்லையும் யாராவது விளக்குங்கள்.

முதுகுளத்தூர் ஆசிரியர் | வியாழன், மாலை 6.12

மானுஷ்யம் மனிதத் தன்மை. அகரம் முன்னே வந்து அதை மறுக்கிறது. மனிதருக்குரியது அல்லாதது என்று பொருள். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

குந்துகால் கரை | வெள்ளி, காலை 7.40

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இரவில் இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். புருவ நடுவில் விரல் வைத்த இடம் வந்ததும் அவரே தன் விரலை அங்கே கொண்டுபோனார். கடலோடி மகள் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

ஒதுங்கிய பொருள் போயா என்று நேற்று சொல்லிவிட்டார்கள். கப்பலுக்கு வழி காட்ட நங்கூரமிட்டு நிறுத்தும் மிதவை, சங்கிலியிலிருந்து அறுந்து வந்துவிட்டது. அந்த நாளிதழில் அதைப் பற்றி ஒரு வரி கூட வரவில்லை. எடுத்துப்போக இன்னும் வண்டி வரவில்லை என்பதால் மாலையில் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன்.

கண் சரியாகத் தெரியாததால் அவர் கையால்தான் பார்த்தார். மேலிருந்து தடவிக்கொண்டே வந்தார். வெளுத்த பெயின்ட், ஒட்டிய சிப்பி, கீழே இரும்பு. அடியில் சங்கிலி மாட்டும் வளையம் ஒன்று இருந்தது. விரல் பருமன் இரும்பு. அதன் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்து உராய்ந்து, ஈர்க்குச்சி அளவுக்குத் தேய்ந்து, அங்கேதான் விண்டிருந்தது. அப்பா அந்தத் தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தினார்.

"இதோ, இதுதான் இதன் மர்மம்" என்றார்.